இரண்டரைச் சதுர மீட்டர் நிலம்: கிளமெண்டிப் பூங்காப் பாத்திகளின் கதை

தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் ஒருநாள் ‘வீட்டைச் சுற்றி’ என்னும் தலைப்பில் சொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். திண்ணை, முற்றம், கொல்லை என்று கரும்பலகையில் எழுதிய காலம் போய், இப்பொழுது திரையில் படமாகக் காட்டுகிறோம். திண்ணையைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். முற்றமும் ஒருவாறு விளங்கிற்று. ஆனால் ‘கொல்லை’ என்றவுடன் ஒரு மாணவன் எழுந்து, “ஆசிரியர், கொல்லை என்றால் கொலை செய்யும் இடமா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது.

அவனைக் குறை கூற இயலுமா? பன்னிரண்டாவது மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கொல்லைப்புறம் எங்கிருந்து வரும்? சங்கப் பாடல்களில் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் ‘படப்பை’ என்றொரு சொல் உண்டு. அதன் பின் கொல்லை, புழக்கடை, தோட்டம், தோப்பு என்று எத்தனை சொற்கள்! நிலம் கையை விட்டுப் போனால் அதைக் குறித்த சொல்லும் போய்விடும் போலும்.

மறுவாரம் அப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று கிளமெண்டி உட்ஸ் பூங்காவில் இருக்கும் தோட்டப் பாத்திகளைப் படம் எடுத்துவரச் சென்றேன். அவ்விடம் எனக்குப் புதிதன்று. என் தாயார் மூன்றாண்டுகள் அங்கே ஒரு பாத்திக்கு உரிமையாளராக இருந்தவர். அந்தப் பாத்திகளின் அமைப்பையும், அவை இங்கு வந்து சேர்ந்த வரலாற்றையும், எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செடியின் பெயர் கொண்ட வட்டாரம்

கிளமெண்டி என்பது ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் பெயர். இன்றைய கிளமெண்டி சாலைக்கு முற்காலத்தில் ‘ரிஃபர்மேட்டரி ரோடு’ என்று பெயர். சிறுவர் சீர்திருத்தப் பள்ளி இருந்த சாலை என்பது பொருள். 1947இல்தான் கிளமெண்டி என்று மாற்றினார்கள். ஆனால் இந்த வட்டாரத்துக்கு அதனினும் மூத்த பெயர் ஒன்று உண்டு. அது பாண்டான். சோற்றுக்கும் பலகாரத்துக்கும் மணம் ஊட்டும் பாண்டான் இலையை அறியாதவர் சிங்கப்பூரில் இல்லை. நம் ஊர்த் தாழையின் இனத்தைச் சேர்ந்த செடி அது. சுங்கை பாண்டான் என்பது ஆறு. உலு பாண்டான் என்பது அதன் மேற்பகுதி. ஆக, ஆளுநர் பெயர் வருவதற்கு முன்னரே செடியின் பெயரைத் தாங்கி நின்ற மண் இது.

அக்காலத்தில் இங்கே கம்பங்களும் காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் ரப்பர் மரங்களும் இருந்தன. 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்குப் பின் தீவு முழுவதும் நடந்ததே இங்கும் நடந்தது. 1970களின் நடுப்பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கிளமெண்டிப் புதுநகரை எழுப்பத் தொடங்கியது. அடுத்தடுத்துப் புளோக்குகள் உயர்ந்தன. 1988இல் எம்ஆர்டி நிலையமும் வந்தது. மின்சாரம், குழாய்நீர், சுத்தமான கழிவறை ஆகியவற்றைப் பெற்ற மக்கள் கம்பத்து வாழ்க்கைக்குத் திரும்ப விரும்பவில்லை என்பதே உண்மை. ஆயினும் பெற்றதற்கு ஈடாக ஒன்றை இழந்தார்கள். கதவைத் திறந்தால் காலில் படும் மண்ணை.

சாப்பாட்டுக்காகத் தோண்டிய காலம்

சிங்கப்பூரில் நகரவாசிகள் மண்வெட்டியைக் கையில் எடுத்தது இதுவே முதன்முறை அன்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் தீவு ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அதன்பின் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. நாளாக ஆக அந்த அளவும் குறைந்தது. ‘அதிக உணவு பயிரிடுங்கள்’ என்று ஆட்சியாளர் இயக்கம் நடத்தினர். வீட்டு வளவுகளிலும் பள்ளி வளாகங்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் முளைத்தன. மாணவர்கள் புத்தகத்தை மூடிவைத்துப் பாத்தி வெட்டினார்கள். 1943இல் தீவின் மக்கள்தொகையைக் குறைக்கும் நோக்கில் மலாயாவின் எண்டாவ், பஹாவ் ஆகிய இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் குடியேற்றப்பட்டனர். காட்டைத் திருத்திப் பயிர் செய்யப் போன அவர்களுள் பலர் மலேரியாவுக்குப் பலியாயினர்.

அந்தத் தலைமுறையினர் பலருக்கு மரவள்ளிக் கிழங்கைக் கண்டாலே ஆகாது. என் பாட்டியும் அப்படித்தான். “பசிக்குத் தின்னது போதும், ருசிக்குத் தின்ன வேண்டாம்” என்பார். தோட்டம் என்பது மகிழ்ச்சிக்குரியது என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அவர்களுக்கு அது பசியின் மறுபெயராக இருந்தது.

பங்கு நிலம்: உலகம் கண்ட வழி

நகரத்தில் வாழும் நிலமற்றவர்களுக்குப் பொது நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் வளர்ந்தது. ஆங்கிலத்தில் ‘அலாட்மெண்ட்’ என்பார்கள். நான் அதைப் ‘பங்கு நிலம்’ என்று சொல்லிக்கொள்வேன்.

பிரிட்டனில் ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமை ஆக்கியபோது ஏழைகள் மேய்ச்சலும் விறகும் இழந்தனர். அதற்கு ஓரளவு ஈடாகத் தோன்றியதே பங்கு நிலம். 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் கேட்டால் உள்ளூர் மன்றங்கள் அத்தகைய நிலத்தை வழங்கவேண்டும் என்று கடமை ஆக்கியது. வழக்கமான ஒரு பங்கு பத்து ‘ராட்’, அதாவது ஏறக்குறைய 250 சதுர மீட்டர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வகைப் பங்குகள் பத்து லட்சத்தைத் தாண்டின.

ஜெர்மனியின் கதை ஆசிரியர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. லைப்சிக் நகரில் மோரிட்ஸ் ஷ்ரேபர் என்ற மருத்துவர், நகரத்துப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். அவர் மறைந்த பின் ஹௌஷில்ட் என்ற பள்ளித் தலைவர் 1864இல் பெற்றோரைத் திரட்டிச் சங்கம் அமைத்து, அதற்கு ஷ்ரேபரின் பெயரைச் சூட்டினார். மறு ஆண்டே விளையாட்டுத் திடல் உருவாயிற்று. சில ஆண்டுகளில் கெசல் என்ற ஆசிரியர் அத்திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்கென்று சிறு பாத்திகளை அமைத்தார். பிள்ளைகளோ சில நாள்களில் சலித்து விளையாடப் போய்விட்டார்கள்! களை மண்டிய பாத்திகளைப் பெற்றோர் எடுத்துக்கொண்டனர். அவை குடும்பத் தோட்டங்களாயின. இன்றும் ஜெர்மானியர் அவற்றை ‘ஷ்ரேபர் தோட்டம்’ என்றே அழைக்கிறார்கள். பெயர் மருத்துவருக்குப் போயிற்று. பாத்தி வெட்டிய ஆசிரியரைப் பலர் அறியார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தொழிலின் தலையெழுத்து எங்கும் ஒன்றுதான்.

புளோக்கின் கீழே ஒரு வெண்டைச் செடி

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் தாயார் ஜோகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பமும் கத்தரி, வெண்டை, பாகல், அவரை என்று போட்டிருக்கும். முருங்கை இல்லாத வீடு கிடையாது. மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து 1980களில் கிளமெண்டியில் மூவறை வீட்டில் குடியேறியபோது, “வீடு நல்ல வீடு, ஆனா கையில வேலை இல்லாத மாதிரி இருக்கு” என்றாராம்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, புளோக்கின் கீழே வடிகாலை ஒட்டியிருந்த புல்வெளி ஓரத்தில் அவர் நான்கைந்து வெண்டைச் செடிகளும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நட்டார். அண்டை வீட்டுச் சீன மூதாட்டி அதற்கு அடுத்து லெங்குவாஸ் நட்டார். எதிர்ப்புறத்து மலாய் ‘மக்சிக்’ செராய் நட்டார். ஒருவருக்கொருவர் பாசார் மலாயில் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் அனைத்தும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. பொது இடத்தில் தனியார் பயிரிடக்கூடாது, கொசு பெருகும், அண்டை வீட்டார் புகார் செய்துள்ளனர் என்பது காரணம். சட்டப்படி அது சரியே. ஆனால் கறிவேப்பிலைக் கன்று இருந்த குழியைப் பார்த்துக்கொண்டு அம்மா நின்ற நிலை என் கண்ணைவிட்டு அகலவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் அவர் தாழ்வாரத்தில் ஒரு துளசித் தொட்டியைத் தவிர வேறெதையும் வளர்க்கவில்லை. அதுவும் வழியை அடைக்காமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வார்.

அம்மாவைப் போன்றோர் வேறு பலரும் இருந்தனர். 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்கென்று அமைத்த ரயில்பாதை ஒன்று கிளமெண்டி வழியாகச் செல்கிறது. 1990களில் அதில் ரயில் நின்றுபோயிற்று. சன்செட் வே அருகில் அதன் இரும்புப் பாலம் இன்றும் இருக்கிறது. அப்பாதையின் ஓரங்களில் முதியவர்கள் மரவள்ளி, வாழை, பப்பாளி என்று நட்டு, பழைய கதவையும் துத்தநாகத் தகட்டையும் வேலியாக வைத்திருந்ததை நானே கண்டிருக்கிறேன். அது அவர்களுடைய நிலமன்று. அவர்களும் அதை அறிவார்கள். ஆனால் மண்ணைக் கண்ட கை சும்மா இருக்குமா?

அழகுத் தோட்டத்திலிருந்து மக்கள் தோட்டத்துக்கு

1963இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு மரநடு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967இல் ‘பூந்தோட்ட நகரம்’ என்னும் இலக்கு அறிவிக்கப்பட்டது. சாலையோரம் மழைமரங்களும் அங்சானா மரங்களும் நிழல் பரப்பின. ஆனால் அவற்றை நட்டதும் வளர்த்ததும் வெட்டியதும் அரசாங்கமே. மக்கள் நிழலில் நடந்துபோனார்கள், அவ்வளவே.

2005ஆம் ஆண்டு மே மாதம் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்னும் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்நிலை மாறியது. மேஃபேர் பார்க் குடியிருப்புப் பேட்டையில் சோதனையாக முதல் தோட்டம் அமைந்தது. குடியிருப்பாளர் குழுக்களும் பள்ளிகளும் முதியோர் நிலையங்களும் பின்தொடர்ந்தன. இன்று தீவு முழுவதும் ஏறத்தாழ இரண்டாயிரம் சமூகத் தோட்டங்கள் உள்ளன. எந்தப் புல்வெளியில் அம்மாவின் வெண்டையைப் பிடுங்கினார்களோ, அத்தகைய புல்வெளிகளிலேயே வேலி போட்டு வெண்டை வளர்க்கச் சொன்னார்கள்!

ஆனால் சமூகத் தோட்டம் என்பது குழுவாகச் சேர்ந்து செய்வது. குழுவில் இடம் கிடைக்காதவர்களும், தாமே ஒரு துண்டை ஆளவேண்டும் என்று விரும்புபவர்களும் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக வந்ததே பங்கு நிலம். 2016இல் ஹோர்ட்பார்க்கில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் மற்றப் பூங்காக்களுக்கும் விரிந்தது. கிளமெண்டி உட்ஸ் அவற்றுள் ஒன்று. இன்று இருபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திகள் இருக்கின்றன.

பாத்தியின் அமைப்பு

வெஸ்ட் கோஸ்ட் சாலையை ஒட்டிய அப்பூங்காவில் நெடிய மரங்களுக்கிடையே வெயில் விழும் ஒரு திறந்தவெளி. அங்கே வரிசை வரிசையாகத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய பாத்திகள். ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அடிக்கணக்கில் சொன்னால் எட்டேகால் அடிக்கு மூன்றேகால் அடி. பிரிட்டனின் வழக்கமான பங்கோடு ஒப்பிட்டால் இது நூறில் ஒரு பங்கு! இரண்டு பாத்திகளுக்கிடையே நடந்துபோக வழி உண்டு. தண்ணீர்க் குழாய் அனைவருக்கும் பொது.

உயர்த்திக் கட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புதுநகரின் மண் பெரும்பாலும் கட்டுமானத்தின்போது கொட்டி இறுக்கிய களிமண். அதைக் கொத்திப் பயிரிடுவதைவிட நல்ல மண்ணைப் பெட்டியில் நிரப்புவது எளிது. மழை கொட்டித் தீர்க்கும் ஊரில் வேர் அழுகாமல் நீர் வடிந்துவிடும். முழங்கால் வலி உள்ள மூத்தோர் அதிகம் குனிய வேண்டியதில்லை. ஒரு மீட்டர் அகலம் என்பதும் கணக்கிட்டுச் செய்ததே. இருபுறமும் நின்று கை நீட்டினால் நடுப்பாத்தி எட்டும். மண்ணை மிதிக்க வேண்டாம்.

விதிகளும் உண்டு. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். தொடக்கத்தில் ஆண்டுக் கட்டணம் 57 வெள்ளியாக இருந்தது. குத்தகை மூன்றாண்டு. விளைந்ததை உண்ணலாம், கொடுக்கலாம், வணிகம் கூடாது. தண்ணீர் தேங்கவிடக் கூடாது. 2020இல் 35,000க்கும் மேற்பட்டோரை டெங்கி தாக்கிய நாட்டில் இவ்விதியைக் கடுமை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாண்டு ராஜ்யம்

2019இல் குலுக்கலில் அம்மாவுக்கு ஒரு பாத்தி கிடைத்தது. விண்ணப்பித்தது நான், அவருக்கு நம்பிக்கையே இல்லை. “நட்டப்புறம் வந்து பிடுங்க மாட்டாங்களே?” என்று இருமுறை கேட்டார். முதல் நாள் பாத்தியின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பின்னர் வெண்டை விதையைத்தான் முதலில் ஊன்றினார்.

ஒரு பக்கத்துப் பாத்தியில் ஓய்வுபெற்ற சீன ‘அங்கிள்’. மறுபக்கம் மலாய்த் தம்பதியர். அவரவர் சமையலறை அவரவர் பாத்தியில் தெரியும். சீனப் பாத்தியில் சாய் சிம். மலாய்ப் பாத்தியில் பாண்டானும் லக்சா இலையும். எங்கள் பாத்தியில் வெண்டை, கற்பூரவல்லி, ஒரு மூலையில் கறிவேப்பிலை. முருங்கைக்கு அங்கே வேர் விட இடம் போதாது என்பதில் அம்மாவுக்கு வருத்தம். ஆனால் மூன்று பாத்திகளிலும் பொதுவாக ஒரு செடி இருந்தது. அம்மா தண்டுக்கீரை என்றார். மக்சிக் பாயம் என்றார். அங்கிள் ஷியென் சாய் என்றார். மூன்றும் ஒன்றே! அதை அறிந்த நாளில் மூவரும் சிரித்த சிரிப்பு பூங்காவையே நிறைத்தது. அம்மா கடைந்த கீரையை ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுவாரம் பூண்டு போட்டு வதக்கிய கீரை அதே டப்பாவில் வந்தது.

2020 ஏப்ரலில் கிருமித்தொற்று முறியடிப்புத் திட்டம் நடப்புக்கு வந்து ஊரே கதவடைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பத் தொடங்கியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெற்றன. உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், எல்லைகள் மூடப்பட்டபோது அனைவருக்கும் உள்ளூர ஓர் அச்சம் இருந்தது. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்பது என்று 2019இல் வகுத்த இலக்கு, எட்ட இயலாத நிலையில் 2025இல் கைவிடப்பட்டு 2035க்கான புதிய இலக்குகள் வந்தன. பெரும் பண்ணைகளே தடுமாறும்போது இரண்டரைச் சதுர மீட்டர் யாருக்குச் சோறு போடும்? உண்மைதான். அம்மாவின் வெண்டை எங்கள் வீட்டுச் சாம்பாருக்கே வாரம் ஒருமுறைதான் வந்தது. தேக்கா சந்தைக்குப் போவதை அது நிறுத்திவிடவில்லை.

2022இல் குத்தகை முடிந்தது. எனக்கு மனத்தாங்கல். மூன்றாண்டு உழைத்து மண்ணைப் பக்குவப்படுத்தியவரை எழுப்பிவிடுவது என்ன நியாயம் என்று அம்மாவிடம் படபடத்தேன். கறிவேப்பிலைக் கன்று இரண்டாம் முறையும் பறிபோவதாகவே எனக்குத் தோன்றியது. அம்மா அமைதியாகச் சொன்னார்: “அப்ப கேட்காம பிடுங்கினாங்க. இப்ப தேதி சொல்லிக் கொடுத்தாங்க, தேதி சொல்லி வாங்குறாங்க. வரிசையில நிக்கிறவங்களுக்கும் கை இருக்கில்ல?” கன்றை வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்தார். எரு போட்டு மண்ணைக் கிளறி, அடுத்து வருபவருக்காகப் பாத்தியைச் சமன்செய்துவிட்டு வந்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

என் மனத்தாங்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தனிமையில் இருக்கும் முதியோருக்கேனும் குத்தகையை நீட்டிக்கலாம் என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் நிலம் சிறுத்த ஊரில் பங்கு நிலம் என்பதன் முழுப்பொருள் எனக்கு அம்மாவால்தான் விளங்கிற்று. பங்கு என்றால் பெறுவது மட்டுமன்று, விடுவதும்தான்.

மறுவாரம் படங்களை வகுப்பில் காட்டினேன். கூடவே அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டியையும் தூக்கிச் சென்றிருந்தேன். ஆளுக்கொரு இலையைக் கசக்கி முகரச் சொன்னேன். கேள்வி கேட்ட அதே மாணவன் கையை மூக்கருகே வைத்துக்கொண்டு, “ஆசிரியர், இது எங்கள் பாட்டி வீட்டு வாசனை” என்றான். பாட்டி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். “மன்னார்குடியில். அங்கே வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது” என்றான். ஒரு கணம் நிறுத்தினான். பிறகு, “அதுதான் கொல்லையா?” என்றான்.

ஆம் தம்பி, அதுதான் கொல்லை.